தெரு ஓயும்வரை எரியும் விளக்கு

ஆண்டவர் இயேசு சாலமோன் மண்டபத்தில் உலவியபோது குளிர்காலம் என்று யோவான் பத்தாம் அதிகாரத்தில் குறிப்பிடுகிறார். எருசலேமில் அன்று கோவில் அர்ப்பண விழா. தீட்டுப்பட்டுக் கிடந்த கோவிலை கி.மு. 164இல் யூதா மக்கபே தூய்மைப்படுத்தி மீண்டும் அர்ப்பணித்த நாளின் நினைவு. யூத மக்கள் இன்றும் அதை ‘ஹனுக்கா’ என்று எட்டு நாள் கொண்டாடுகிறார்கள்.

முதல் மாலை விளக்கில் ஒரு சுடர், மறுநாள் இரண்டு, எட்டாம் நாள் எட்டு. அந்த வெளிச்சத்தில் காசு எண்ணக்கூடாது, வேறு வேலை பார்க்கக்கூடாது. கண்டு மகிழ மட்டுமே அது. வைக்கும் இடம் தெருவைப் பார்த்த வாசல் அல்லது சன்னல். எதுவரை எரிய வேண்டும்? தெருவில் ஆள் நடமாட்டம் ஓயும்வரை என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தல்மூது. ஏற்றியவர் எப்போது தூங்கப் போகிறார் என்பது கணக்கே இல்லை. கடைசி வழிப்போக்கர் வீடு திரும்பும்வரை எரிய வேண்டும்! இந்த விதி என் மனதை விட்டு அகல்வதே இல்லை.

பெர்லினில் பிரென்ஸ்லவர் பெர்க் என்றொரு பகுதி. அங்கே பெரும்பாலோர் எந்தச் சமயத்தையும் சாராதவர்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கோவில் பக்கம் போகாதவர்கள் வீட்டிலும் திருவருகைக்கால விண்மீன் தொங்கும். அவற்றுக்கு நடுவே ஒரு சன்னலில் ஹனுக்கா விளக்கு எரிந்தால், சைக்கிளில் போகிறவர் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார், போய்விடுவார். அவ்வளவு போதும்.

அதே பகுதியில் ரிக்கே தெருவில் 1904இல் திறக்கப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. 1938 நவம்பரில் நாட்சிகள் அதைச் சூறையாடினார்கள். ஒட்டியிருந்த குடியிருப்புகளுக்கும் தீ பரவிவிடும் என்பதால்தான் அது எரியாமல் தப்பியது. அன்றைய ஜெர்மானியரில் மிகப் பெரும்பாலோர் திருமுழுக்குப் பெற்றவர்கள், சகோதர சகோதரிகளே. கடவுளை நம்பாத ஊர் என்று எந்த ஊரையும் குறைசொல்ல நம் நா எழும்போதெல்லாம் இது நினைவுக்கு வரட்டும்.

1931இல் ஜெர்மனியின் கீல் நகரில் ரபி அகிவா போஸ்னரின் மனைவி ராகேல் தம் வீட்டுச் சன்னலில் வைத்த விளக்கைப் படம் பிடித்தார். எதிர்க் கட்டடத்தில் நாட்சிக் கொடி தொங்குகிறது. 1933இல் அக்குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியது. 2022 டிசம்பரில் பேரப்பிள்ளைகள் அதே விளக்கைப் பெர்லினுக்குக் கொண்டுவந்து, ஜெர்மன் குடியரசுத் தலைவர் மாளிகையில் ஏற்றினார்கள்.

ஆபத்துக் காலத்தில் விளக்கை உள்ளே மேசைமேல் வைத்தாலே போதும் என்றும் தல்மூது சொல்கிறது. ஜெர்மனியில் தொழுகைக்கூட வாசல்களில் இன்றும் போலீஸ் காவல் நிற்கிறது. சன்னலா மேசையா என்று யோசிக்கும் பெற்றோர் இன்னும் உண்டு. ஏற்றுவது அவர்கள் கையில். அது சன்னலிலேயே இருப்பதோ தெருவில் நடக்கும் நம் போன்றவர்கள் கையில். நம் தெருவிலும் மார்கழி விடியலில் கோலம் போடுகிறவர்களும் நோன்பு திறக்கிறவர்களும் எதையும் கும்பிடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாசலை எந்த முகத்தோடு கடந்து போகிறோம்?

இன்றைய மன்றாட்டில் அந்தப் பெற்றோருக்காகவும் அவர்கள் தெருவில் நடப்பவர்களுக்காகவும் வேண்டுவோம். எழுந்து நிற்போம்.