விண்ணப்பத்தில் எழுதுவதற்காக ஒரு நற்செயலா?

அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் குடியேறி வாழும் சகோதரி ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் அங்கே உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கிறான். சனிக்கிழமைதோறும் ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் வழங்கும் ஓரிடத்துக்குச் சென்று, மூன்று மணி நேரம் மூட்டை சுமந்துவிட்டு வருகிறான். "எதற்காகப் போகிறாய்?" என்று கேட்டால், "கல்லூரி விண்ணப்பத்தில் எழுத வேண்டுமே உம்மா!" என்று ஒளிவு மறைவின்றிச் சொல்கிறான். "இவன் செய்வது நற்செயலா, வியாபாரமா? இவனை நான் அனுப்புவதா, தடுப்பதா?" என்பது அந்தத் தாயாரின் கேள்வி.

கேள்வி சிறியதுதான். ஆனால் இதனுள் பெரியதொரு விஷயம் அடங்கிக் கிடக்கிறது. ஒரு காரியத்தின் மதிப்பு அதன் பயனில் இருக்கிறதா, அல்லது அதைச் செய்பவரின் நிய்யத்தில் இருக்கிறதா? இரண்டு நோக்கங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அந்தக் காரியம் என்னவாகிறது? பிள்ளைகளை வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்ப ஆசைப்படும் குடும்பங்கள் நம்மிடையேயும் இருக்கின்றன. ஆகவே இதை நாம் சற்று நிதானமாகவே ஆராய்ந்து பார்ப்போம்.

அங்குள்ள நடைமுறை

நம் ஊரில் கல்லூரிப் பிரவேசம் என்றால் பெரும்பாலும் மதிப்பெண் கணக்குதான். பிளஸ் டூவில் எத்தனை, நுழைவுத் தேர்வில் எத்தனை என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மாணவன் பொறுமைசாலியா, பிறருக்கு உதவுபவனா என்றெல்லாம் எவரும் விசாரிப்பதில்லை. அமெரிக்காவில் பெயர்பெற்ற கல்லூரிகளோ இதையெல்லாம் விசாரிக்கின்றன. 1975ல் 15 கல்லூரிகள் ஒன்றுகூடி 'காமன் அப்ளிகேஷன்' என்னும் பொது விண்ணப்பத்தை ஏற்படுத்தின. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. பள்ளி மதிப்பெண்கள் ஒருபுறமிருக்க, வகுப்புக்கு வெளியே மாணவன் ஈடுபட்ட காரியங்களை அதில் பத்து வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம், ஆண்டில் எத்தனை வாரம் என்று கணக்குக் காட்ட வேண்டும். செய்த காரியத்தை விவரிக்கக் கிடைக்கும் இடம் 150 எழுத்துகள் மட்டுமே. தன்னைப் பற்றி 650 சொற்களுக்கு மேற்படாமல் ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் வேறு.

போட்டியோ மிகக் கடுமை. ஹார்வர்ட் போன்ற கல்லூரிகளில் அண்மை ஆண்டுகளில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐவருக்கும் குறைவானவர்களுக்கே இடம் கிடைக்கிறது. இப்படியொரு நெருக்கடியில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் தாங்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும், "இதை எழுத முடியுமா?" என்று எண்ணிப் பார்ப்பதில் வியப்பென்ன இருக்கிறது?

சொல்வது வேறு, பறைசாற்றுவது வேறு

"செய்த நன்மையைத் தானே எழுதிக் கொடுப்பது தற்பெருமை அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். வீடு கட்ட ஆள் தேடுகிறோம். கொத்தனாரை அழைத்து, "இதுவரை எத்தனை வீடு கட்டியிருக்கிறீர்?" என்று கேட்கிறோம். அவர் "பன்னிரண்டு" என்கிறார். இதைத் தற்பெருமை என்று எவரேனும் சொல்வோமா? நாம் கேட்டோம், அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். பன்னிரண்டை இருபதாக்கினால் அது பொய். யாரும் கேட்காதபோது தெருவெங்கும் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் அது தற்பெருமை. கேட்டவருக்குக் கேட்ட அளவில் உண்மையைச் சொல்வது சாட்சியம் கூறுவதைப் போன்றது. எனவே விண்ணப்பத்தில் எழுதுவது அதனளவில் குற்றமாகாது. பிரச்சினை எழுதுவதில் இல்லை. எழுதுவதற்காகவே செய்வதில்தான் இருக்கிறது.

பாலும் தண்ணீரும்

மனிதனின் நோக்கங்கள் தனித்தனியே பாத்திரத்தில் வைக்கப்பட்டவை அல்ல. பெரும்பாலும் அவை கலந்தே இருக்கின்றன. மருத்துவர் நோயாளியைக் குணப்படுத்த விரும்புகிறார், ஊதியத்தையும் விரும்புகிறார். பிள்ளை பெற்றோரின் மகிழ்ச்சிக்காகப் படிக்கிறான், பரிசுக்காகவும் படிக்கிறான். நோக்கம் முழுத் தூய்மையடைந்த பிறகே நன்மை செய்வேன் என்று ஒருவர் காத்திருந்தால், அவர் ஆயுள் முழுவதும் காத்திருக்க நேரிடும். அதற்குள் பசித்தவர் பசியோடு போய்விடுவார்.

பாலில் தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்காக அதைச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டியதில்லை. ஆனால் அதைச் சுத்தமான பால் என்று சொல்லி விற்பது மோசடி. கலப்பு ஒரு குறை. கலப்பை மறைப்பதோ குற்றம். இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நியூஜெர்ஸிச் சிறுவன் "விண்ணப்பத்துக்காகப் போகிறேன்" என்று தாயாரிடம் ஒப்புக்கொள்கிறான். அவன் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆனால் அவன் அதை மறைக்கவில்லை. நாளை அதே சிறுவன் கட்டுரையில், "ஏழைகளின் துயரம் கண்டு என் உள்ளம் உருகியது, அன்றே என் வாழ்வைச் சேவைக்கு அர்ப்பணித்தேன்" என்று எழுதுவானேயானால், அப்போதுதான் அவன் தவறிழைத்தவனாகிறான். உருகாத உள்ளத்தை உருகியதாக எழுதுவது, செய்யாத காரியத்தைச் செய்ததாக எழுதுவதற்குச் சளைத்ததன்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூட்டை சுமந்தவனின் நிய்யத் எதுவாயினும், அரிசி பெற்றுச் சென்ற குடும்பத்தின் அடுப்பு எரிந்தது உண்மை. அந்த நன்மை பொய்யாகிவிடாது. குறைவது செய்தவனின் பங்கில்தான். அந்தப் பங்கையும் பிற்பாடு அவன் மீட்டுக்கொள்ள வழி உண்டு. வாரந்தோறும் போகிறவன் ஒரு நாள் அங்கே வரும் முதியவரின் பெயரைக் கேட்கிறான். மறுவாரம் அவர் வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறான். அந்த விசாரிப்புக்கு விண்ணப்பத்தில் இடம் கிடையாது. அந்த நேரத்தில் நிய்யத் தானாகவே மாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். "முகஸ்துதி வந்துவிடுமே" என்று அஞ்சி அவனைத் தடுத்துவிட்டால் இந்த வாசலையும் நாமே அடைத்தவர்களாவோம். பிறர் மெச்ச வேண்டும் என்று ஒன்றைச் செய்வது பலவீனம் என்றால், பிறர் ஏதேனும் நினைப்பார்களோ என்று அதைக் கைவிடுவதும் அதே பலவீனம்தான்.

பெற்றோர் செய்த பிழை

கலப்பைவிடப் பெருங்கேடு பொய். 2019 மார்ச் 12ஆம் நாள் அமெரிக்க அரசின் நீதித்துறை ஒரு வழக்கை வெளியிட்டது. வில்லியம் ரிக் சிங்கர் என்னும் கல்லூரி ஆலோசகர் செல்வந்தப் பெற்றோரிடமிருந்து இரண்டரைக் கோடி டாலருக்கும் மேல் பணம் பெற்று, அவர்களுடைய பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளில் நுழைத்துவிட்டார். சிலருக்குத் தேர்வு விடைகள் திருத்தப்பட்டன. விளையாட்டுத் திடலில் கால் வைக்காத பிள்ளைகள் விளையாட்டு வீரர்களாகக் காட்டப்பட்டனர். தொடக்கத்தில் குற்றம் சாட்டப்பட்ட 50 பேரில் 33 பேர் பெற்றோர்கள். சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தப் பெற்றோர்களில் ஒருவர் நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மன். மகளுடைய தேர்வு விடைகளைத் திருத்துவதற்காக 15,000 டாலர் கொடுத்தவர். மகளுக்கு அது தெரியாது. விஷயம் வெளிவந்த பின், தன்மீது ஏன் நம்பிக்கை வைக்கவில்லை என்று மகள் அழுது கேட்டதாக அந்தத் தாயாரே நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். பெற்றோர்கள் ஒவ்வொருவரும் உட்கார்ந்து சிந்திக்க வேண்டிய இடம் இது. பிள்ளைக்காகப் பொய் சொல்லும் பெற்றோர், "நீ இருக்கிறபடி இருந்தால் போதாது" என்று பிள்ளையிடம் சொல்லாமல் சொல்கிறார்கள். அந்தப் பொய்யினால் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குரிய இடமும் பறிபோகிறது. ஹஃப்மனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையில் 14 நாள் சிறையும் அபராதமும் தவிர, 250 மணி நேரச் சமூக சேவையும் அடங்கும். பிள்ளைகள் விண்ணப்பத்துக்காக எண்ணும் அதே மணிக்கணக்கு, தாயாருக்குத் தண்டனையாக வந்து சேர்ந்தது!

நாமெல்லாம் இவ்வளவு பெரிய தவறு செய்பவர்களல்லர் என்று ஆறுதல் கொள்ளலாகாது. இரண்டு மணி நேரத்தை ஐந்தாக எழுதச் சொல்வது, மாமாவிடம் சொல்லிக் கட்டுரையை எழுதி வாங்குவது, பெயரளவில் ஒரு சங்கம் அமைத்து மகனைத் தலைவனாக்குவது ஆகிய யாவும் அதே மரத்தின் சிறு கிளைகள்தாம். இப்போது சாட்ஜிபிடி போன்ற கருவிகளும் வந்துவிட்டன. அவை எழுதித் தந்ததைத் தன்னுடையதென்று கொடுப்பதையும் காமன் அப்ளிகேஷன் மோசடியின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. விண்ணப்பத்தில் மாணவன் இடும் கையெழுத்து, உள்ளே இருப்பது தன்னுடையது, உண்மையானது என்பதற்கான வாக்குமூலம். அது ஓர் அமானத்.

அப்படியானால் உதவவே கூடாதா? கூடும். "இந்த இடம் எனக்குப் புரியவில்லை, அன்று உண்மையில் என்ன நடந்தது?" என்று கேட்பது உதவி. பேனாவை வாங்கி நாமே எழுதுவது அபகரிப்பு. எல்லை இவ்வளவுதான்.

வீட்டுக்குள் இருக்கும் விண்ணப்பம்

இன்னொரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். பெண் பிள்ளை பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடி வருகிறாள். தம்பிக்குச் சோறூட்டுகிறாள், படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு மருந்து கொடுக்கிறாள், மாலையில் வாப்பாவின் கடைக் கணக்கைப் பார்க்கிறாள். விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "என்னிடம் எழுத ஒன்றுமில்லையே!" என்று கலங்குகிறாள். உண்மை என்ன? அந்த விண்ணப்பத்தில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு பிரிவு இருக்கிறது; ஊதியத்துக்குச் செய்யும் வேலைக்கும் பிரிவு இருக்கிறது. 2016ல் ஹார்வர்ட் கல்வியியல் பள்ளியிலிருந்து வெளியான ஓர் அறிக்கை, காரியங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் அவற்றின் தரத்தைப் பார்க்க வேண்டும் என்றும், வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் பிள்ளைகளுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும் கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது.

அந்தப் பெண் தம்பிக்குச் சோறூட்டியபோது எந்தக் கல்லூரியையும் நினைக்கவில்லை. அவளுடைய பால் கலப்பற்றது. பிறகு கேட்டபோது எழுதினாள் என்பதால் அதில் தண்ணீர் கலந்துவிடாது. ஏனெனில் செய்தபோது இருந்த நிய்யத்தை, எழுதும்போது வரும் எண்ணம் பின்னால் சென்று மாற்ற முடியாது. ஆனால் ஓர் எச்சரிக்கை. அவள் எழுதியதைப் பார்த்து இளையவள் பாட்டிக்கு மருந்து கொடுக்கும்போதே கட்டுரையை நினைக்கத் தொடங்கலாம். அதற்குப் பெற்றோர்தான் காவல் இருக்க வேண்டும். வீட்டுக் கடமையை மெச்சுவதென்றால் கடமைக்காக மெச்சுங்கள், கல்லூரிக்காக மெச்சாதீர்கள்.

அளப்பவர்களும் மனிதர்களே

கடைசியாக ஒன்று. குணத்தை எடைபோடும் இந்த முறை எப்படி வந்தது? 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் படிப்புத் திறமையால் பெருகினர். அவர்கள் எண்ணிக்கையைக் குறைக்க விரும்பினார் அதன் தலைவர் லோவெல். 1922ல் அவர் முன்வைத்த வரம்பு யோசனை வெளிப்படையாக ஏற்கப்படவில்லை. ஆனால் 1926ல் மதிப்பெண்ணோடு 'குணம்' என்பதும் சேர்த்துப் பார்க்கப்படும் என்றாயிற்று, புகைப்படமும் கேட்கப்பட்டது. குணம் என்ற நல்ல சொல்லே கதவை அடைக்கும் தாழ்ப்பாளாகப் பயன்பட்ட வரலாறு அது. இன்றைய நோக்கம் அதுவன்று என்றாலும், 150 எழுத்துகளைப் படித்து ஒரு மனிதனின் நற்குணத்தை முழுமையாக அறிந்துவிட எவராலும் இயலாது. எனவே இடம் கிடைத்தவர் தம்மை நல்லவர் என்று சான்றிதழ் பெற்றவராக எண்ண வேண்டாம். கிடைக்காதவர் தம்மைத் தாழ்ந்தவராகவும் கருத வேண்டாம். நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் திருப்பி அனுப்பப்படும் வாசலில், திரும்பி வருவது ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பாகாது.

அந்தச் சகோதரிக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: மகனைத் தடுக்க வேண்டாம். போகட்டும். போனதை மட்டும் எழுதட்டும். செய்த மணி நேரத்தையே எழுதட்டும். உணராததை உணர்ந்ததாக எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரத்தில் ஒரு முறை, "அங்கே யாரைப் பார்த்தாய்?" என்று கேளுங்கள், "எத்தனை மணி நேரம் ஆயிற்று?" என்று கேட்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில், மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ கல்லூரிகளின் முடிவு வந்து சேரும். கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, அதற்கு அடுத்து ஒரு சனிக்கிழமை வரும். அன்று காலையில் உங்கள் மகன் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுகிறானா என்று பாருங்கள். இதுவரை செய்தது என்னவென்று அன்று அவனுக்கே தெரியும். அவன் தயங்கி நின்றால் கடிந்துகொள்ள வேண்டாம். "வா, இன்று நானும் வருகிறேன்" என்று நீங்கள் முன்னே நடங்கள்.