கண்ணில் பட்டதெல்லாம் கேமராவுக்குச் சொந்தமா?

டோக்கியோவின் கின்சா கடைவீதியில் நடந்துபோன ஒரு பெண்ணை, நகரத்து உடைப் போக்குகளைப் பதிவுசெய்யும் இணையதளம் ஒன்றுக்காகப் படமெடுத்தார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருடைய சட்டையின் மார்புப் பகுதியில் பாலுறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. முகம் தெளிவாகத் தெரிய, படம் இணையத்தில் ஏறியது. அதைப் பார்த்த பெயரில்லாத ஆசாமிகள் வேறோர் இடத்தில் அவரைப் பற்றி வாய்கூசும்படி எழுதித் தீர்த்தார்கள். வழக்கு நடந்து, 2005-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு மூன்றரை லட்சம் யென் இழப்பீடு தரச் சொன்னது. படமெடுத்தவர்களுக்கு அவர்மேல் எந்தப் பகையும் கிடையாது. தெருவில் இன்று என்ன உடுத்துகிறார்கள் என்று காட்டுவதுதான் அவர்கள் வேலை. அந்தச் சட்டையை விரும்பி வாங்கி, போட்டுக்கொண்டு வெளியே வந்தவரும் அந்தப் பெண்தான். ஆனாலும் தவறு நடந்திருக்கிறது. எந்த இடத்தில்?

ஒளிப்படமோ ஆடை வடிவமைப்போ படிக்கிற மாணவர்களுக்கு இந்தக் கேள்வி அன்றாடம் எதிர்ப்படுவது. கேமராவை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போ, கண்ணைக் கவரும் உடையில் வருகிறவர்களைப் படமெடு, நல்லதாகப் பத்துத் தேர்ந்து கொடு என்பது வழக்கமான பயிற்சி. வெளிச்சத்துக்கும் சட்டகத்துக்கும் மதிப்பெண் உண்டு. படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்பதற்குப் பெரும்பாலும் இல்லை.

சட்டத்தைக் கேட்டால் ஊருக்கு ஒரு பதில் கிடைக்கும். பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற கலைஞர் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் விளக்குகளை மறைவாகப் பொருத்தி, தள்ளி நின்று, கடந்துபோனவர்களின் முகங்களைப் படமெடுத்தார். 2001-ல் அவை காட்சிக்கு வந்தன. பிரதிகள் இருபதாயிரம் டாலருக்கு மேல் விலைபோயின. அவற்றில் தன் முகத்தைக் கண்ட முதிய யூதர் ஒருவர், இது தன் மத நம்பிக்கைக்கே விரோதம் என்று வழக்குப் போட்டார். இது கலை, பேச்சுரிமைக்குள் வரும் என்று 2006-ல் நியூயார்க் நீதிமன்றம் கலைஞர் பக்கம் நின்றது. மாண்ட்ரியலில் நடந்தது நேர் எதிர். ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படம் கேட்காமலே ஒரு கலை இதழில் வந்தது; கூடப் படித்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். 1998-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 2,000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. இந்தியாவில் பொது இடத்தில் ஒருவரைப் படமெடுப்பதை மொத்தமாகத் தடுக்கும் சட்டம் கிடையாது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே செயல் ஓர் ஊரில் உரிமை, இன்னோர் ஊரில் இழப்பீட்டுக்கு உரியது என்றால், சரி தவறை வேறெங்காவதுதான் தேட வேண்டும்.

படமெடுப்பவர் பக்கத்து நியாயம் லேசுப்பட்டதில்லை. உடை பிறர் பார்ப்பதற்காகவும்தான். புதுச் சட்டை போட்ட அன்று யாருமே கவனிக்காவிட்டால் மனம் கொஞ்சம் சுணங்கத்தான் செய்யும். அதோடு, ஒரு காலத்து மக்கள் எப்படி உடுத்தினார்கள் என்பதைக் கடை விளம்பரங்கள் சொல்லாது. அவை விற்க நினைத்ததைத்தான் சொல்லும். உண்மையில் உடுத்தியது தெருப் படங்களில்தான் தங்குகிறது. பில் கன்னிங்ஹாம் நீல மேலாடையும் மிதிவண்டியுமாகப் பல பத்தாண்டுகள் நியூயார்க் தெருக்களைச் சுற்றி, நியூயார்க் டைம்ஸில் வாராவாரம் வெளியிட்ட படங்கள் அந்த நகரத்தின் உடை வரலாறு. நடந்துவருகிறவர்களை நிறுத்தி, சொல்லிவிட்டு எடுத்திருந்தால் காற்றில் பறக்கும் துணியும் சேற்றைத் தாண்டும் காலும் அவற்றில் இருந்திருக்காது.

அதே கன்னிங்ஹாமின் கதைதான் இந்த நியாயம் எங்கே பலவீனப்படுகிறது என்பதையும் காட்டுகிறது. 1978-ல் தெருவில் ஒரு பெண்ணின் கோட்டு, அதன் தோள்பட்டை வெட்டு, அவர் கண்ணில் பட்டது. எடுத்தார். அது நடிகை கிரேட்டா கார்போ என்று பிறகுதான் தெரிந்தது. திரையை விட்டு 1940-களிலேயே விலகி, கேமரா கண்டாலே ஒதுங்கியவர் கார்போ. அந்தப் படமும் அதோடு வந்த மற்றவையும்தான் கன்னிங்ஹாமின் புகழ்பெற்ற பத்திக்கு வழி திறந்தன. உடையைத்தான் பார்த்தேன், ஆளை அல்ல என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கோட்டை மட்டும் எடுக்கிற கேமரா கிடையாது. கோட்டோடு அதற்குள் இருப்பவரும் வந்துவிடுகிறார், அவர் எதிலிருந்து ஒதுங்கி வாழ்ந்தாரோ அதற்குள்ளேயே.

உடுத்துகிற யாரும் யாருடைய கண்ணுக்கு என்று ஒரு கணக்கு வைத்துத்தான் உடுத்துகிறார்கள். வீட்டிலிருந்து சுடிதாரில் கிளம்பி, தோழியின் விடுதி அறையில் ஜீன்ஸுக்கு மாறிக்கொண்டு கடைவீதிக்கு வரும் பெண் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. அந்த வீதியில் அந்த இரண்டு மணி நேரம் அவரைப் பார்க்கிற ஆயிரம் பேருக்கு அவர் ஒளிக்கவில்லை. சித்தப்பாவின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒளிக்கிறார். தெருவின் பார்வை அங்கேயே கடந்துபோய்விடும். படம் அவர் கணக்கிலேயே இல்லாதவர்களிடம் அவரைக் கொண்டுபோய் நிறுத்தும். கின்சாவில் நடந்ததும் இதுதான். அந்தச் சட்டையைப் பார்க்கத் தெருவுக்குக் கொடுத்த இசைவை, உலகம் முழுவதற்கும் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

நல்ல எண்ணத்தோடு எடுத்தேன் என்ற பதில் போதாது. கன்னிங்ஹாம் உமன்ஸ் வேர் டெய்லி இதழுக்கு வேலை செய்தபோது, வடிவமைப்பாளர்களின் உடைகளைச் சாதாரணப் பெண்கள் தெருவில் எப்படி உடுத்துகிறார்கள் என்று ரசித்து எடுத்துக் கொடுத்தார். அச்சில் வந்தபோது அவர் எழுதியதை மாற்றி, அந்தப் பெண்களைக் கேலி செய்திருந்தார்கள். அவர் அந்த இதழை விட்டே விலகினார். பாராட்டாக எடுத்த படம் ஒரு வரிக் குறிப்பில் பரிகாசமாகிவிடும். அன்று ஓர் ஆசிரியர் குழு செய்ததை இன்று கைப்பேசி வைத்திருக்கிற எவரும் செய்யலாம். எண்ணம் எடுத்தவரிடம் தங்கிவிடுகிறது. ஊர் சுற்றுவது படம் மட்டும்.

விரும்பி உடுத்தியதையும் வேறு வழியின்றி உடுத்தியதையும் கேமரா பிரித்தறியாது என்பது இதைவிடப் பெரிய சிக்கல். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு சித்தாள் நிற்கிறார். வெளுத்த நைலக்ஸ் புடவை. அதன் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டது, ஒரு பொத்தான் வேறு நிறம். தலையில் சும்மாடாகச் சுருட்டிய துண்டு. ஃபேஷன் கண்ணுக்கு இது அபாரமான அடுக்கு உடை: அளவு மீறிய சட்டை, மங்கிய பூ வேலைப்பாட்டின் மேல் கட்டம். அவருக்கோ அது வெயிலுக்கும் செங்கல் சிராய்ப்புக்கும் சிமென்ட் அரிப்புக்கும், குனிந்து நிமிரும்போது பிறர் கண்ணுக்கும் ஒரு காப்பு. அந்தச் சட்டை பெரும்பாலும் வீட்டு ஆணுடைய பழசு. இதைப் பாணி என்று பெயரிட்டுப் போட்டால், அந்த உடை அப்படி ஆனதற்கான காரணமே படத்திலிருந்து காணாமல் போகிறது. தி சார்ட்டோரியலிஸ்ட் என்ற பெயரில் தெரு ஃபேஷன் படங்களால் புகழ்பெற்ற ஸ்காட் ஷூமன், நியூயார்க்கில் வீடற்ற ஒருவரை அவர் உடையின் நிறப் பொருத்தத்துக்காகப் படமெடுத்து வெளியிட்டபோது எழுந்த சர்ச்சை இதைப் பற்றியதுதான். வறுமையிலும் அழகுணர்ச்சி இருக்கக் கூடாதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அதுவும் நியாயமான கேள்வி. ஆனால் அந்த அழகை இதுதான் என்று சுட்டும் உரிமை முதலில் உடுத்தியவருக்கு.

அப்படியானால் கேட்டுவிட்டு எடுப்பதே வழி. கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். ஒளிப்படக்காரர் ஷோயிச்சி ஆவோகி 1997-ல் தொடங்கிய ஃப்ரூட்ஸ் என்ற தெரு ஃபேஷன் இதழைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். டோக்கியோவின் ஹராஜுக்கு பகுதித் தெருக்களில் தென்பட்ட இளைஞர்களை நிறுத்தி, நேராக நிற்கவைத்து, தலைமுதல் கால்வரை எடுத்த படங்கள். ஓரத்தில் வயது, என்ன செய்கிறார், எதை எங்கே வாங்கினார், எது தானே தைத்தது, இப்போது எதில் பித்தாக இருக்கிறார் என்ற விவரம். நின்று கேமராவைப் பார்க்கிற அந்த முகங்களில் ஒரு மிடுக்கு தெரிகிறது. ஒளிந்து எடுத்த படத்தில் அது வராது. 2017-ல் மாத இதழை நிறுத்தியபோது ஆவோகி சொன்ன காரணம், படமெடுக்கும்படி உடுத்துகிற இளைஞர்கள் அருகிவிட்டார்கள் என்பது. கேட்டால் மறுக்கிறார்கள் என்று அவர் குறைப்படவில்லை.

ஓட்டத்தின் அழகுதான் வேண்டும் என்பவருக்கும் வழி இருக்கிறது. எடுத்துவிட்டு உடனே போய்த் திரையைக் காட்டலாம்; வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடலாம். எடுத்த கணத்தைவிட வெளியிடும் கணத்துக்கே பாரம் அதிகம் என்பதால் இது சமாதானப் பேச்சு ஆகாது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளிடம் மட்டும் இது செல்லாது. அவர்கள் தலையாட்டினாலும் பெற்றோர் சொல்ல வேண்டும்.

ஆனால் கேட்பதிலும் ஒரு கள்ளம் இருக்க முடியும். “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்றால் அந்தச் சித்தாள் அனேகமாகச் சிரித்துக்கொண்டே “எதுக்குப்பா?” என்பார். “சும்மாதான்க்கா, காலேஜுக்கு” என்று சொல்லி எடுத்து, இரவே இன்ஸ்டாகிராமில் போட்டு, ஆறு மாதம் கழித்து ஒரு துணி நிறுவனத்துக்கு விற்றால், அவர் சம்மதித்தது எதற்கு? அந்த “எதுக்குப்பா” என்ற கேள்விக்கு முழுப் பதில் சொன்னால்தான் சம்மதத்துக்குப் பொருள் உண்டு. அதற்கு எளிய சோதனை ஒன்று: படத்தின் கீழே எழுதப்போகிற வரியை அவர் முகத்துக்கு நேரே படித்துக்காட்ட முடியுமா? நா தயங்கினால், தவறு வரியில் மட்டும் இருக்காது.

மாணவர்தானே, கற்கிற காலம்தானே என்று சலுகை கேட்பது வழக்கம். உண்மையில் மாணவருக்குத்தான் சாக்கு மிகக் குறைவு. நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. குறிப்பைத் திருத்துகிற ஆசிரியர் குழு இல்லை. படம் வராவிட்டால் பிழைப்பு போகாது. கேட்கவும், மறுத்தால் நகரவும் இவ்வளவு அவகாசம் தொழிலுக்குப் போன பிறகு அவருக்குக் கிடைக்காது. இப்போது வராத பழக்கம் அப்போது வராது. பயிற்சி தருகிற ஆசிரியர்களும் ஒரு விதி சேர்க்கலாம்: ஒவ்வொரு படத்தோடும், படத்தில் இருப்பவர் எதற்கு, எதுவரை சம்மதித்தார் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். கேட்கத் தெரிவதும் பாடத்தில் ஒரு பகுதி என்று அந்த மாணவருக்கு அப்போது புரியும்.

இப்படிச் செய்தால் சில நல்ல படங்கள் கைநழுவும். அது மெய்யான இழப்புதான், வரலாற்றுக்கும்கூட இழப்பு. ஆனால் அந்தப் படம் வேண்டும் என்பது எடுப்பவரின் ஆசை, அதற்கான விலையைக் கொடுப்பவரோ படத்தில் இருப்பவர். தன் ஆசைக்கு இன்னொருவரை விலை கொடுக்கவைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பது, எந்தக் கலையும் காட்டித் தீர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.