பிரேக்கைக் கழற்றிய பிறகு

சைக்கிளிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடலாம். அந்தப் பாகம் செய்துகொண்டிருந்த வேலையைக் கழற்ற முடியாது. மட்கார்டை எடுத்துவிட்டால் சேற்றைத் தடுக்கும் வேலை உங்கள் சட்டை முதுகுக்குப் போகிறது. செயின் கவரை எடுத்தால் பேன்ட்டின் ஓரம் அந்த வேலையைப் பார்க்கிறது. ஸ்டாண்டைக் கழற்றினால் சாய்த்து வைக்கச் சுவர் தேட வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம், யாரும் இதை அறப் பிரச்சினையாக நினைப்பதில்லை. பிரேக்கைக் கழற்றினால்? அந்த வேலை யாரிடம் போகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியை வெறும் உவமையாகக் கேட்கவில்லை. வேண்டுமென்றே பிரேக் இல்லாமல் கட்டப்படுகிற ஒரு சைக்கிள் இருக்கிறது. ஃபிக்ஸட் கியர் என்பார்கள். சாதாரண சைக்கிளின் பின் சக்கரத்தில் ஃபிரீவீல் இருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் கிர்ர்ரென்று சுற்றிக்கொண்டே போகும், கால் சும்மா இருக்கலாம். ஃபிக்ஸட் கியரில் அந்தச் சலுகை கிடையாது. பின்பக்கப் பல்சக்கரம் ஹப்போடு இறுகப் பிணைந்திருக்கும். சக்கரம் சுற்றுகிறவரை பெடல் சுற்றும், பெடல் சுற்றுகிறவரை கால் சுற்றியாக வேண்டும். பின்னால் மிதித்தால் வண்டி பின்னால் போகும். வேகத்தைக் குறைக்க, சுற்றுகிற பெடலைக் காலாலேயே எதிர்த்து அழுத்த வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெடல் வைத்த சைக்கிள்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான் ஃபிரீவீல் பரவியது.

அதற்குப் பிறகு பெரும்பாலும் வெலோட்ரோம் பந்தயத்தில் உயிரோடிருந்த இந்த வண்டியை, அமெரிக்க நகரங்களின் கூரியர் பையன்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். சான் பிரான்சிஸ்கோ ஓட்டிகளைப் பற்றிய 'மேஷ்' என்ற படம் 2007இல் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் இந்த வண்டியில் வித்தை காட்டும் பழக்கம் வளர்ந்தது. முன் சக்கரத்தைத் தூக்குவது, ஹேண்டில்பாரை முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பிடிப்பது, பின்னோக்கி வட்டமடிப்பது, படிக்கட்டிலிருந்து குதிப்பது. பந்தயத்துக்காகச் செய்த ஃபிரேம்கள் இதைத் தாங்கவில்லை. ஹெட் டியூபுக்குப் பக்கத்தில் விரிசல் விட்டன, ஃபோர்க் வளைந்தது. அதனால் வித்தைக்கென்றே தனி ஃபிரேம் வந்தது: குரோமோலி எஃகுக் குழாய், மூட்டுகளில் கூடுதல் தகடு, தடித்த டயருக்கு இடம், 26 அங்குலச் சக்கரம், ஹேண்டில்பார் சுற்றும்போது முன் டயர் காலில் இடிக்காத அளவுக்கு இடைவெளி. பல ஃபிரேம்களில் ஒன்று மட்டும் இருக்காது. பிரேக் மாட்டும் ஓட்டை.

இப்போது சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒரு பையனுக்கு இந்த ஆசை வருகிறது என்று வையுங்கள். போனில் வீடியோ பார்த்து வருகிற ஆசைதான், அதில் கேவலம் ஒன்றுமில்லை. வெளிநாட்டு ஃபிரேம் வாங்கப் பணம் கிடையாது. வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று கிடக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போகிறான். பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணா, இந்த ஃபிரீவீல வெல்டு வெச்சுக் குடுங்கண்ணா. சும்மா சுத்தக் கூடாது."

"வெல்டு வெச்சா மிதிச்சுக்கிட்டே இருக்கோணுமே தம்பி. எப்புடி நிறுத்துவீங்க?"

"காலாலதாங்கண்ணா."

"வெச்சுத் தாறேன். உழுந்து வந்து எம்மேல பழி போடக் கூடாது, பாத்துக்கோங்க."

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரண ஹப்பில் ஃபிரீவீலை வலப்புறமாகத் திருகி மாட்டுவார்கள். முன்னோக்கி மிதிக்க மிதிக்க அது இறுகும். வெல்டு வைத்துவிட்டுக் காலால் பின்னோக்கி அழுத்தினால், அதே மரை எதிர்த்திசையில் சுற்றிக் கழன்றுவிடக்கூடும். அதாவது சாதாரணமாக ஓட்டும்போது பிடிமானம் உறுதியாக இருப்பதுபோலவே தெரியும். நிறுத்த முயலும் அந்த நொடியில்தான் கைவிடும். இதற்காகத்தான் நிஜமான ஃபிக்ஸட் ஹப்பில் இரண்டு மரை வைத்தார்கள். பல்சக்கரத்துக்கு வலம், அதன்மேல் மாட்டும் லாக்ரிங் என்ற வளையத்துக்கு இடம். பல்சக்கரம் கழலப் பார்த்தால் லாக்ரிங் இறுகிப் பிடிக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன வளையம். வீடியோவில் அது கண்ணுக்கே தெரியாது.

அது இருந்தாலும் பிரச்சினை முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 28 பல், பின்னால் 12 பல், 26 அங்குலச் சக்கரம் என்றால் பெடல் ஒரு முறை சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 4.8 மீட்டர் போகும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் இறங்கும்போது வேகம் 40 கிலோமீட்டரைத் தொட்டால், கால் நிமிடத்துக்கு 140 சுற்று சுற்ற வேண்டும். நாம் வசதியாக மிதிப்பது அறுபதிலிருந்து தொண்ணூறு வரை. சமவெளிக்கு வந்தாலும் இயற்பியல் மாறாது. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைகிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல முன் பிரேக் 5 மீட்டரில் நிறுத்துமென்றால், பின் சக்கரத்தை மட்டும் நம்பினால் அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் வேண்டும். அந்த மிச்சம் 5 மீட்டரில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது விளையாட்டாகவும் இருக்கலாம், வேறொன்றாகவும் ஆகலாம்.

'என் கால், என் உயிர், என் இஷ்டம்' என்பது இதற்கு வழக்கமான பதில். அதை லேசாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட 'ஆன் லிபர்ட்டி'யில் இந்த வாதத்துக்கு ஒரு கௌரவமான வடிவம் இருக்கிறது. தன்னை மட்டும் பாதிக்கிற விஷயத்தில் ஒருவனைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை, பிறருக்குத் தீங்கு வரும்போதுதான் தடுக்கலாம். ஃபிரீவீலைக் கழற்றுவது இந்த எல்லைக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். ஓய்வெடுக்கும் வசதியை ஒருவன் விட்டுக்கொடுக்கிறான், அதன் கூலியை அவன் முழங்கால் கொடுக்கிறது. அதில் அவனுக்கு ஒரு சுகமும் கிடைக்கிறது. சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே எதுவும் இல்லாத நெருக்கம். அது பொய்யில்லை.

ஆனால் 'விட்டுக்கொடுப்பது' என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் ஒரு காலத்தில் நான்ஸ்டாப் சைக்கிள் வித்தை நடக்கும். ஊர்ப் பொட்டலில் டியூப்லைட் கட்டி, மைக் செட் வைத்து, ஒருவர் ஐந்து நாள், ஏழு நாள் என்று சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. ஜனங்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். பாட்டி, தாத்தாவிடம் கேட்டால் கண் விரியச் சொல்வார்கள். பெரும்பாலும் அது சாதாரணக் கருப்பு சைக்கிள்தான். அவருக்கு ஃபிரீவீல் இருந்தது, இறங்கும் உரிமை இல்லை. ஃபிக்ஸட் கியர் பையனுக்கு ஃபிரீவீல் இல்லை, இறங்கும் உரிமை இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஓயாமல் மிதிக்கிறார்கள். ஒருவருக்கு அது வயிற்றுப்பாடு, இன்னொருவருக்கு ரசனை.

குரங்குப் பெடலும் அப்படித்தான். 2024இல் அந்தப் பெயரில் ஒரு படமே வந்தது. பெரியவர்களுக்காகச் செய்த ஃபிரேமில், பாருக்கு அடியில் காலை நுழைத்து, இடுப்பை ஒடித்து, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு பிள்ளைகள் ஓட்டினார்கள். இன்று பார்க்க அழகான நினைவு. உண்மையில், தன் அளவுக்கு ஃபிரேம் கிடைக்காத பிள்ளை, ஃபிரேம் செய்யாத வேலையைத் தன் உடம்பால் செய்தது. தேர்ந்தெடுக்கப் பணமோ வாய்ப்போ இல்லாதவரிடம் 'உன் இஷ்டம்' என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. எனவே ஒரு பாகம் இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்தால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். கழற்றியது யார்? அதன் வேலையைச் செய்வது யார்? இரண்டுக்கும் ஒரே ஆள் பதில் என்றால் அது சுதந்திரம். வேறு வேறு ஆள் என்றால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

லண்டனில் 2016 பிப்ரவரியில் நடந்தது இதற்குக் கசப்பான உதாரணம். பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் வந்தார். சாலையைக் கடந்துகொண்டிருந்த 44 வயதுப் பெண்மணி மீது மோதினார். அந்தப் பெண் சில நாளில் இறந்துபோனார். 2017இல் தீர்ப்பு வந்தபோது, கொலைக்கு நிகரான குற்றத்திலிருந்து அவரை விடுவித்த நடுவர்கள், 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பழைய பிரிவின்கீழ் குற்றவாளி என்றார்கள். 18 மாதக் காவல் தண்டனை. பிரிட்டனில் தெருவில் ஓடும் ஃபிக்ஸட் சைக்கிளுக்கும் முன் பிரேக் கட்டாயம். வழக்கில் என்னை உறுத்துவது சட்டப் பிரிவு அல்ல. மோதுவதற்கு முன் அவர் 'விலகு' என்று கத்தியிருக்கிறார். கத்துவது என்றால் என்ன? தன் வண்டியில் இல்லாத பிரேக்கின் வேலையை, நடந்து போகிற ஒருவரின் காதுக்கும் காலுக்கும் கொடுப்பது. அந்தப் பெண்ணிடம் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை.

'நம் ஊரில் லாரி அடித்துச் சாகிறவர்கள் எத்தனை பேர், நீங்கள் சைக்கிளுக்கு வந்து அறம் பேசுகிறீர்களே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்றாலே லாரியும் ரிக் வண்டியும்தானே. பதிலும் அங்கேயே கிடைக்கிறது. ஆலையிலிருந்து வெறும் சேசிஸாக வருகிற வண்டிக்கு நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டுகிறார்கள். கேபின்கூட இல்லாத சேசிஸை, முகத்தில் வெயிலும் தூசியும் அடிக்க, ஓர் இருக்கையைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வந்த டிரைவர்கள் இந்தச் சாலைகளில் இருந்தார்கள். கேபினில் ஏசி வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தவர் ஓனர், சித்திரை வெயிலில் வெந்தவர் டிரைவர். ஏசி இல்லாததன் வேலையை அவருடைய வியர்வை செய்தது. 2023 டிசம்பரில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏசியைக் கட்டாயமாக்கியது. அதே கேள்விதான்: கழற்றியது யார், சுமப்பது யார்? சைக்கிளில் கேட்கப் பழகாதவன் லாரி வாங்கும்போது மட்டும் எப்படிக் கேட்பான்?

அதற்காக பிரேக் இல்லாத சைக்கிளே பாவம் என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் 'ஆர்ட்டிஸ்டிக் சைக்கிளிங்' என்ற உள்ளரங்கப் போட்டி நெடுங்காலமாக நடக்கிறது. ஃபிக்ஸட் கியர், பிரேக் கிடையாது, மேல்நோக்கி வளைந்த ஹேண்டில்பார். இருக்கையில் நின்றும், ஹேண்டில்பார் மேல் தலைகீழாக நின்றும் ஓட்டுவார்கள். 14 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம் உள்ள தளத்துக்குள் அவர்கள் மட்டும்தான். விழுந்தால் விழுவது அவர்கள்தான். நம் சர்க்கஸ் கூடாரத்தில் பின்னோக்கி சைக்கிள் ஓட்டிக் காட்டியவருக்கும் இதே கணக்குதான், ஃபிரீவீல் இருந்தால் பின்னோக்கி ஓட்டவே முடியாது. அங்கே பிரேக் இல்லாதது திறமையின் பகுதி. அதே வண்டியை மாலை ஆறு மணிக்கு சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் கொண்டுவந்தால், பூக்கூடை தூக்கி வரும் அம்மாவும், டியூஷன் முடிந்து வரும் பிள்ளையும் அவர்களுக்கே தெரியாமல் அந்த வித்தையில் சேர்க்கப்படுகிறார்கள்.

ஆகவே பாகம் வாங்கப் போகும் தம்பிக்கும் தங்கைக்கும் என்னிடம் இருப்பது சின்னக் கணக்கு. பெயின்ட்டுக்கும் கலர் ரிம்முக்கும் முன்னால், இரண்டு மரை உள்ள ஹப்பும் லாக்ரிங்கும். காலை பெடலோடு பிடித்து வைக்கும் பட்டை, ஏனென்றால் கால் நழுவிவிட்டால் அந்த வண்டியில் இருந்த ஒரே பிரேக்கும் போய்விடும். குதிக்கிற ஆசை இருந்தால் பழைய ஃபிரேமில் வெல்டிங் ஒட்டுப் போடாமல், அதற்கென்று செய்த ஃபிரேமுக்குக் காசு சேருங்கள். பள்ளி மைதானத்தில், நெல் களத்தில், ஆளில்லாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

ஃபோர்க் வாங்கும்போது மட்டும் பிரேக் ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஓட்டையில்லாத ஃபோர்க் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் எடுக்கிற முடிவை இருபத்தைந்து வயதிலும் மாற்ற முடியாதபடி அது அடைத்துவிடுகிறது. ஓட்டை இருந்தால், மைதானத்துக்குப் போகும்போது பிரேக்கைக் கழற்றலாம், ரோட்டுக்கு வரும்போது மாட்டலாம். இரண்டு நட்டு, ஒரு கேபிள், பத்து நிமிட வேலை.