‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற கேள்வி, அங்கே வாழும் டோங்கிரியா கோந்த் மக்கள் முன்னால் வைக்கப்பட்டது 2013-இல்தான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 12 ஊர்களில் கிராம சபை கூடியது. மாவட்ட நீதிபதி மலையேறி வந்து பார்வையாளராக உட்கார்ந்திருக்க, ஆண்களும் பெண்களும் எழுந்து தங்கள் மொழியிலேயே பேசினார்கள். மலை தங்கள் தெய்வமான நியமராஜாவுடையது, காடும் ஓடையும் போனால் பிழைப்பு இல்லை என்றார்கள். 12 ஊர்களும் ‘வேண்டாம்’ என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

சில நூறு பேர் நாட்டுக்கே தேவையான ஒரு தாதுவைத் தடுக்கலாமா? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அடிவாரத்து லாஞ்சிகரில் அலுமினா ஆலை முன்பே எழும்பி நின்றது; அதை நம்பிய குடும்பங்களும் ஏழைக் குடும்பங்களே. ஆனாலும் தலையை எண்ணி நியாயம் சொல்லிவிட முடியாது. ஆலைக்கு வேறு இடத்திலிருந்து பாக்சைட் வரும், வரவும் செய்தது. வெட்டிய மலை திரும்பி வராது. மீட்க முடியாத இழப்பு யார் தலையில் விழுகிறதோ, அவர் சொல்லுக்கே கூடுதல் எடை தர வேண்டும்.

அதற்காக ஊர் கூடிச் சொன்னதெல்லாம் நியாயமாகிவிடாது. ஒரு தெருவுக்குத் தண்ணீர் கிடையாது என்று ஊரே கைதூக்கினாலும் அது அக்கிரமம்தான். தன் இழப்பை ஏற்க மறுக்க ஊருக்கு உரிமை உண்டு. அடுத்தவர் உரிமையைப் பறிக்க இல்லை.

இதைவிட என்னை வருத்துவது, கேட்பதாகச் சொல்லிக்கொண்டு கேளாமல் இருப்பது. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மக்கள் பேசுவது பதிவாகும். அரசை அது கட்டுப்படுத்தாது. அந்த அறிவிக்கைக்குப் பதிலாக 2020-இல் வந்த புதிய வரைவு, அந்தக் கூட்டத்துக்கு முன் மக்களுக்குத் தரும் அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. வரைவும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வந்தது. அரசியலமைப்பின் அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு மீனவரிடம், புரியாத காகிதத்தை நீட்டிக் கருத்துக் கேட்பது அவரை மதிப்பதாகுமா?

ஆட்சியில் இருப்பவர்கள் வரைவை மக்கள் மொழியில், முடிவெடுக்கும் முன்பே கொடுக்கட்டும். மக்கள் சொன்னதை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று அந்த ஊருக்கே எழுத்தில் பதில் சொல்லட்டும்.