கருவிலிருக்கும் உயிரும் ஐந்தாம் சீலமும்

கொலை, களவு, பிழைபட்ட காமம், பொய் ஆகிய நான்கினாலும் துன்புறுவோர் பிறர் என்பதை யாவரும் ஒப்புவர். ஐந்தாவதாகிய மதுவைப் பற்றியோ, "என் காசு, என் உடல், நான் குடித்தால் பிறருக்கு என்ன நட்டம்?" என்று நம் பாலகாட்டு வரிசை வீடுகளில் வாதிப்போர் உளர். கருவுற்ற தாயொருத்தியை எண்ணிப் பார்ப்பின் இவ்வாதம் நில்லாது.

தாய் அருந்தும் மது அவள் இரத்தத்திற் கலந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து, சிசுவின் இரத்தத்தை அடைகிறது. அதை முறித்துப் போக்கும் முதிர்ச்சி சிசுவின் கல்லீரலுக்கு இல்லை. மூளையோ பிறக்குமட்டும் வளர்ந்துகொண்டே இருப்பது. ஆதலின் எம்மாதத்திற் குடிப்பினும் கேடே.

1968-ல் பிரான்சு நாட்டு வைத்தியர் லெமுவான், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் பிள்ளைகள் 127 பேரை ஆராய்ந்து எழுதினார். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர வைத்தியர்கள் ஜோன்ஸ், ஸ்மித் ஆகியோர் இந்நோய்க்குப் பெயரிட்டனர். குறைந்த எடை, சிறுத்த தலை, மெலிந்த மேலுதடு, பிற்காலத்தில் படிப்பிலும் நினைவிலும் தளர்ச்சி ஆகியன இதன் குறிகள். முகத்தில் குறியேதுமின்றி மூளை மட்டும் பழுதுற்ற பிள்ளைகளும் உண்டு. நேர்ந்தபின் இதை நீக்கும் மருந்து இல்லை. நேராமல் தடுக்கவோ முற்றிலும் இயலும். தீங்கற்ற அளவென்று எதுவும் கண்டறியப்படவில்லை. கர்நாடகத்தில் சாராயம் 2007-ல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் முத்திரையிட்டு விற்கும் பிராந்தியிலும் பீரிலும் உள்ளது அதே நஞ்சுதான்.

ஆகவே, வேண்டாமென்று சொல்ல வாயில்லாத ஓருயிருக்கும் அக்கோப்பை புகட்டப்படுகிறது. ஐந்தாம் சீலமும் பிறருயிரைக் காப்பதே என்பது இதனால் விளங்கும்.

குறையோடு பிறந்த குழந்தையைக் கண்டு "முற்பிறவிக் கன்மம்" என்று சொல்லிக் கடப்போர் சிலர். காரணத்தை ஆராய்க என்பதன்றோ புத்தர் போதனை? காரணம் கண்ணெதிரே போத்தலில் இருக்க, காணாத பிறவியைத் தேடுவானேன்?

அங்ஙனமாயின் தாயே குற்றவாளியோ? அன்று. எண்ணமே கன்மம் என்பது தம்மம். அறியாது குடித்தவள்மேல் பழி சுமத்துதல் தகாது. உடல்வலி தீரும், பலம் உண்டாகும் என்று கோப்பையை நீட்டிய மூத்தோர் யார்? நாள்தோறும் வீட்டில் போத்தலைத் திறந்து வைத்தவன் யார்? தான் குடித்துக்கொண்டே மனைவியை மட்டும் விலகியிருக்கச் சொல்லும் கணவனின் சொல்லுக்கு வலிமை ஏது? அறிந்த பின்னும் வாளாவிருப்போமாயின், அப்பொழுது குற்றம் நம்முடையதாகும்.

கருவுற்ற மாதங்களில் இச்சீலம் குடும்பம் முழுவதற்கும் உரிய விரதமாகட்டும். கணவன் முதலில் நிறுத்தட்டும். இடையில் நிறுத்தினும் எஞ்சிய மாதங்கள் காக்கப்படும். நெடுநாட் பழக்கமுடையோர் திடீரென நிறுத்துதல் ஆபத்தாகக் கூடும். வைத்தியரிடம் மறையாது கூறி, அவர் வழி நடப்பதே நலம். அவ்வாறு கூற வரும் சகோதரியை இகழாதிருத்தல் நம் கடமை. வெட்கத்தால் அவள் வாய் மூடினால், கேடுறுவது சிசுவே.