எந்த வரி உன்னுடையது?

2022 நவம்பரில் கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி வந்ததும் பல பள்ளிகள் தேடியது, களவைக் கண்டுபிடிக்கும் கருவியைத்தான். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அந்நிறுவனத்தின் சோதனையிலேயே, மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதம் இயந்திரத்தின் கணக்கில் விழுந்தன. தானே யோசித்து எழுதிய பிள்ளையைத் திருடன் என்பது எவ்வளவு பெரிய கொடுமை!

காவல் வேலையை விட்டுவிட்டு மாணவரோடு உட்கார்ந்து பேசுவோம். இயந்திரத்திடம் என்ன கேட்டாய், அது சொன்னதைச் சரிபார்த்தாயா, எந்த வரி உன்னுடையது? சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நியூயார்க் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த வழக்கை ஒன்பதாம் வகுப்பிலேயே விவாதிக்கக் கொடுக்கலாம்.