தில்லிக் குளிரில் வனிலாவும் மல்லிகையும்

தில்லியில் குளிர்காலம் வருவதை முதலில் சொல்வது ஏழிலைப் பாலை மரம். அக்டோபரில் சாலையோரங்களில் அதன் வெளிர்பச்சைப் பூங்கொத்துகள் விரியும். பொழுது சாய்ந்ததும் தெரு முழுவதும் அந்த மணம்தான். பலருக்குத் தலைவலி வரும் அளவுக்குக் கனமான மணம். சில வாரங்களில் ஓய்ந்துவிடும். அதற்குள் பெட்டிகளிலிருந்து பஞ்சுப் போர்வையான ரஜாயும் சால்வையும் ஸ்வெட்டரும் வெளியே வந்திருக்கும், நாப்தலின் உருண்டை வாசனையோடு.

அந்த வாசனைக்கும் மல்லிகைக்கும் உறவு உண்டு. மல்லிகை மணத்தில் இன்டோல் என்ற பொருள் மிகக் கொஞ்சமாக இருக்கிறது. தனியே முகர்ந்தால் நாப்தலின் நினைவுக்கு வரும்; செறிவு கூடினால் மலநாற்றம். அதை அறவே நீக்கிவிட்டுச் செய்த மல்லிகை சென்ட்டில் உயிர் இருக்காது. சுத்தமான இனிமையை மூக்கு நம்புவதில்லை. வெள்ளைப் பூக்கள் பலவற்றிலும் இந்த இருட்டின் சொட்டு ஒன்று உண்டு.

*

மே மாதம், 45 டிகிரி. தோலில் இட்ட வாசனை எதுவானாலும் உடனே கிளம்பி ஓடிவிடும். அந்த வெயிலில் வனிலாவைத் தாங்க முடியாது. திகட்டும், கழுத்தில் பிசுபிசுக்கும்.

ஜனவரி மாலையில் கணக்கு மாறுகிறது. மணம் என்பது காற்றில் ஏறிய மூலக்கூறுகள்தான். குளிரில் அவை ஏறத் தயங்குகின்றன. வனிலாவின் மணப்பொருளான வனிலின் இயல்பிலேயே மெதுவாக ஆவியாகும் பொருள். 7 டிகிரிக் குளிரில் அது கிளம்ப வேண்டுமானால் உடம்பின் சூடு வேண்டும்: மணிக்கட்டு, காதுமடலின் பின்புறம், சால்வைக்குள் ஒடுங்கிய கழுத்து. கம்பளி அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மறுநாள் அதே சால்வையைப் போர்த்தும்போது நேற்றைய மாலை அதில் பாக்கி இருக்கும்.

ஆகவே குளிர்கால மணம் தூரத்துக்கு எட்டாது. அருகில் வந்து உட்கார்ந்தவருக்கு மட்டும் கிடைக்கும். எனக்கு இதுதான் அதில் மிகவும் பிடித்தது.

*

சாந்தினி சௌக்கிலிருந்து பிரியும் தரீபா கலானில், 1816 முதல் அத்தர் விற்கும் குலாப் சிங் ஜோஹ்ரிமல் கடை இன்றும் இருக்கிறது. அத்தருக்குப் பருவம் உண்டு என்பது அந்தத் தெருவின் பாடம். வெயிலுக்கு வெட்டிவேர், ரோஜா, மழை மண்ணின் மணமான மிட்டி. குளிருக்குச் சூடான கலவைகளான ஹினா, ஷமாமா. சிறு பஞ்சுத் துணுக்கில் தொட்டுக் காதுமடிப்பில் செருகிக்கொள்வார்கள்.

ஷமாமாவுக்குள் போகும் பொருள்களைப் பார்த்தால் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. கிராம்பு, ஜாதிக்காய், ஏலம், ஜடாமாஞ்சி, செட்டிநாட்டுக் குழம்பில் போடும் அதே கல்பாசி. அத்தர் வடிக்கும் ஊரான கன்னௌஜில் செப்புப் பாத்திரங்களில் நாள்கணக்கில் வடித்து சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். குளிரில் உடம்பு எதைக் கேட்கிறது என்பதை அந்த ஊர் எப்போதோ கண்டுகொண்டது.

வனிலா இந்தப் பழைய பட்டியலில் இல்லை. அக்பரின் வாசனைக்கூடத்தைப் பற்றி அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் ஆயின்-இ-அக்பரியில் ஓர் அத்தியாயமே எழுதினார். அவர் எழுதிய 16ஆம் நூற்றாண்டு முடிவில் வனிலாவின் ஊர் மெக்சிகோ. நிலச்சம்பங்கியும் அங்கிருந்து வந்ததுதான். தில்லிக் கல்யாண மண்டபங்களில் ரஜனிகந்தா என்று சரம் சரமாகத் தொங்கும் அந்தப் பூவை இன்று யாரும் அந்நியமாக நினைப்பதில்லை.

*

வனிலாக் காய் கொடியில் பச்சையாக இருக்கும்போது அதில் நமக்குத் தெரிந்த மணம் கிடையாது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பூ ஒரே ஒரு நாள் திறக்கும். மெக்சிகோவுக்கு வெளியே கொண்டுபோன கொடிகள் காய்க்கவில்லை. அந்த மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சி மற்ற ஊர்களில் இல்லை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவுக்குள் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகம் பூராவும் அந்த வழிதான். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கை. அல்பியஸ் 1880இல் வறுமையில் இறந்தார். வனிலா மணக்கும் எதையும் விரும்புகிறவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

காய் முதிர ஏறத்தாழ ஒன்பது மாதம். பிறகு வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வேர்க்கவிட்டு, வெயிலில் காட்டி, மறுபடி சுற்றி, மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். கறுத்துச் சுருங்கும்போதுதான் மணம் வருகிறது. பொள்ளாச்சிப் பக்கத்திலும் வனிலா விளைகிறது. இருபதாண்டுகளுக்கு முன் விலை உச்சத்துக்குப் போய்ச் சரிந்தபோது தென்னிந்தியாவில் பலர் கொடிகளைக் கைவிட்டார்கள்.

மல்லிகை இதற்கு நேர் எதிர். மாலையில் மொட்டவிழும், மறுநாள் பகலில் முடிந்துவிடும். நிலக்கோட்டையிலும் மதுரையைச் சுற்றியும் விடிவதற்கு முன்னமே பெண்கள் தோட்டத்தில் இறங்கி மொட்டு பறிப்பது அதனால்தான். சத்தியமங்கலத்தில் நிலச்சம்பங்கி. சந்தைக்குப் போனதுபோக ஒரு பங்கு ஆலைகளுக்குப் போகிறது. அங்கே கரைப்பானில் ஊறவைத்து மணத்தை மெழுகாக இறக்குகிறார்கள். ஒரு கிலோ மெழுகுக்கு ஏறத்தாழ ஒரு டன் சம்பங்கி. அது கடல் தாண்டிப் போய், விலையுயர்ந்த சின்னச் சீசாக்களில் திரும்பி வருகிறது. மார்கழிப் பனியில் மதுரையில் பூ வரத்து குறைந்து விலை ஏறும். தில்லியில் இந்த மணத்தை நாம் தேடும் மாதமும் அதுதான்.

காத்திருந்து வரும் மணமும் ஓரிரவு நிற்கும் மணமும் ஒரே சீசாவுக்குள். வாசனைக்காரர்களின் கலையில் என்னை வியக்கவைப்பது இந்தச் சேர்க்கை. முதல் அரை மணி நேரம் பூ பேசும். அது அடங்கிய பின் வனிலா, இரவு முழுவதும்.

*

இந்தச் சேர்க்கையின் புகழ்பெற்ற வடிவம் ஷாலிமார் என்ற சென்ட். ஜாக் கெர்லைன் உருவாக்கியது. 1925 பாரிஸ் கண்காட்சியில் உலகம் பார்த்தது. மல்லிகையும் ரோஜாவும் நடுவில், அடியில் எத்தில் வனிலின் என்ற, வனிலினைவிட வலுவான செயற்கைப் பொருள். (மரச் சாற்றிலிருந்து வனிலினைச் செய்யும் வழியை 1874இல் ஜெர்மானியர்கள் டீமானும் ஹார்மானும் கண்டுவிட்டார்கள். இன்று உலகின் வனிலின் பெரும்பகுதி ஆலையில் பிறந்ததே. அதில் இழிவு ஒன்றும் இல்லை.)

ஷாஜகான் மும்தாஜுக்காக அமைத்த தோட்டத்தின் பெயர் என்று ஒரு காதல் கதை இந்த சென்ட்டோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் மும்தாஜ் இறந்தது 1631இல். ஷாஜகானின் லாகூர் ஷாலிமார் தோட்டம் தொடங்கியதோ 1641இல்; கதை காலத்தோடு பொருந்தவில்லை. தில்லிக்கும் ஒரு ஷாலிமார் பாக் உண்டு. ஷாஜகானின் இன்னொரு மனைவி அமைத்தது. 1658இல் ஔரங்கசீப் முதல்முறை முடிசூடிக்கொண்டது அங்கேதான். இன்று நகரின் வடமேற்கில், குடியிருப்புகளுக்கு நடுவே, மரங்களும் சீஷ் மஹால் என்ற மாளிகையும் இருக்கின்றன. டிசம்பர் பிற்பகலில் போய் உட்கார நல்ல இடம்.

*

விறகு எரியும்போது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் சிதைகிறது. அப்போது வெளிவரும் பொருள்களில் வனிலினும் ஒன்று. தில்லியின் குளிர்கால இரவுக்குப் பல தலைமுறைகளாக இருந்த மணம், விறகுப் புகையின் அடியில் ஓடும் அந்த மெல்லிய இனிப்பு. வனிலா சென்ட் குளிரில் வீட்டுக்குள் இருப்பதுபோன்ற நிம்மதியைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

அதே புகைதான் நெஞ்சை அடைக்கிறது. குளிரில் தரையோடு தங்கும் காற்று மேலெழ முடியாமல் எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொள்கிறது: வண்டிப் புகை, தூசி, வைக்கோல் எரித்த புகை. நுண்துகள் பிஎம் 2.5 ஒரு நாளில் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தில்லியில் நவம்பரில் 300ஐத் தாண்டும் நாள்கள் உண்டு. அந்த நாள்களில் மூக்கு எரியும், எந்தப் பூவும் மணக்காது. சால்வையில் வனிலா இட்டுக்கொண்டு வெளியே போவதில் பொருளே இல்லை.

எங்கள் குடியிருப்பு வாசலில் இரவுக் காவலுக்கு இருப்பவர், கிடைத்த சுள்ளியையும் சில சமயம் பிளாஸ்டிக்கையும் எரித்துக் குளிர்காய்வார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. நாலு டிகிரியில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவர் அவர். காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்கும்படி தில்லியின் காற்று மாசு விதிகளே குடியிருப்போர் சங்கங்களைக் கேட்கின்றன. தில்லியில் இருப்பவர்கள் இந்தக் குளிருக்கு ஒரு நல்ல சென்ட் வாங்குங்கள், ஒரு சொட்டு போதும். அதற்கு முன், உங்கள் வாசலில் ஹீட்டர் இருக்கிறதா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். இல்லையென்றால் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுங்கள். நல்ல சென்ட் ஒன்றின் விலைகூட ஆகாது.